பழைய காரில் திருப்பச் சப்தமும் அதன் காரணம் காணும் முறையும்

நேர்ச்சாலையில் யாதொரு குறையும் காட்டாமல் ஓடிவருகிற ஒரு பழைய கார், ஸ்டீயரிங்கை ஒருபுறமாக ஒடித்த மாத்திரத்தில் டக்டக்கென்றோ, உறுமலாகவோ, முனகலாகவோ, கிறீச்சென்றோ எழுப்புகிற ஓசையைத் திருப்பச் சப்தம் எனலாம். தன்மையிலும் அபாயத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துப் பன்னிரண்டு கோளாறுகளுக்கு இது ஒன்றே பொதுவான அறிகுறியாக இருப்பதனால்தான், காரணத்தை நிர்ணயிக்காமலே ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றிக்கொண்டு போவதும், எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் அதே சப்தம் அதே திருப்பத்தில் கேட்பதுமான விபரீதம் அடிக்கடி நேர்கிறது. இக்கட்டுரையில் நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய மாருதி 800, அம்பாசடர் என்னும் இரு வண்டிகளே பிரதான உதாரணங்களாகக் கொள்ளப்படுகின்றன. முன்னது முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது, பின்னது பின்சக்கரங்களால் தள்ளப்படுவது. ஆகையால் இவ்விரண்டையும் அறிந்தவர், பழைய கார்களில் பெரும்பாலானவற்றின் சப்தத்தை அறிந்தவராகிறார்.

நேராக ஓடும்போது உறங்கிக்கிடக்கும் குறை திருப்பத்தில் ஏன் விழித்துக்கொள்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். வண்டி வளையும்போது மூன்று காரியங்கள் ஏககாலத்தில் நடைபெறுகின்றன. முன்சக்கரங்கள் தம் திருப்பு அச்சில் திரும்பிச் சாய்கோணம் கொள்கின்றன. வண்டியின் பாரம் வளைவின் வெளிப்புறச் சக்கரங்களின்மேல் சரிகிறது. வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டியிருப்பதால் இரண்டின் வேகமும் வேறுபடுகிறது. உட்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாக ஒடியவேண்டும் என்னும் கணிதத்தை மோட்டார் வண்டி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, குதிரை வண்டிக்காக, மூனிக் நகரத்து வண்டித் தச்சரான கியார்க் லாங்கன்ஸ்பெர்கர் 1817இல் கண்டார். மறு வருஷம் லண்டனில் அதற்குக் காப்புரிமை பதிவு செய்த ருடால்ப் ஆக்கர்மனின் பெயரே இன்றளவும் அதற்கு வழங்குகிறது. கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர். இம்மூன்று காரியங்களுள் எதனோடு சப்தம் சேர்ந்து வருகிறதோ அதற்குரிய உறுப்பில்தான் குறை இருக்கும். கோணத்தோடு வந்தால் ஜாயிண்டுகள், பாரத்தோடு வந்தால் பேரிங்குகளும் புஷ்களும், வேக வேற்றுமையோடு வந்தால் டிஃபரன்ஷியல்.

ஆதலால் தேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் சப்தம் வருகிறதா, ஓடினால்தான் வருகிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அதிகமாகி, காலை எடுத்தால் அடங்குகிறதா? இரண்டு பக்கத் திருப்பத்திலுமா, ஒரு பக்கத்தில் மட்டுமா? சக்கரத்தின் வேகத்தைப் பின்பற்றுகிறதா, எஞ்சின் வேகத்தையா? இவற்றுள் கடைசிக் கேள்விக்குக் காதே போதுமான கருவி. மாருதி 800இன் 145/70 ஆர்12 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.6 மீட்டர், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு இரண்டு சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். எஞ்சினோ, நிமிஷத்துக்கு 800 சுற்று என்னும் மந்தகதியில்கூட வினாடிக்குப் பதின்மூன்று சுற்றுக்கு மேல் ஓடும். எனவே, மெதுவாகத் திரும்பும்போது விரல்விட்டு எண்ணக்கூடிய டக்டக் ஓசை எதுவாயினும் அது சக்கரத்தைச் சார்ந்தது என்றே கொள்ளலாம்.

அவ்வகை ஓசைகளில் தலைமையானது முன்சக்கர இழுப்பு வண்டிகளின் டிரைவ் ஷாஃப்ட் வெளி ஜாயிண்டிலிருந்து வருவது. சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், அதே சமயத்தில் அதனை ஒடிக்கவும் வேண்டும் என்னும் இரட்டைக் கடமை இந்த ஜாயிண்டுக்கு. பழைய சிலுவை ஜாயிண்ட் இதற்குப் பொருந்தாது. அது 30 பாகை வளைந்து நிற்குமானால், ஒருபுறத் தண்டு ஒரே சீராகச் சுழல, மறுபுறத் தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, ஏறத்தாழ நூற்றுக்கு 87 பங்கிலிருந்து 115 பங்கு வரை ஏறி இறங்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் கை நடுங்கிப்போகும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக, அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் பொறியாளராயிருந்த ஆல்ஃபிரட் செப்பா என்பவர் 1920களில், ஒரு கிண்ணத்துக்கும் ஒரு குமிழுக்கும் இடையே ஆறு எஃகு உருண்டைகளை வளைந்த பள்ளங்களில் ஓடவிட்டு, எந்தக் கோணத்திலும் வேகம் மாறாத ஜாயிண்டை அமைத்தார். 1959இல் வெளிவந்த பிரிட்டிஷ் மினி கார் இந்த அமைப்பைக் கையாண்டு சிறிய வண்டிகளின் போக்கையே மாற்றியது. 1983 டிசம்பரில் விநியோகம் தொடங்கிய மாருதி வாயிலாக இது நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் அன்றாடப் பரிச்சயமாயிற்று.

எஃகு உருண்டைகள் எளிதில் தேய்வதில்லை. அவற்றைக் காப்பது மேலே கவிந்திருக்கும் ரப்பர் பூட்டும், உள்ளே அடைத்திருக்கும் கிரீஸும்தான். மடிப்பு மடிப்பான அந்த ரப்பர் வருஷக்கணக்கில் வெயிலும் சேறும் பட்டு ஒரு மடிப்பின் பள்ளத்தில் வெடித்தால், சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வெளியே விசிறப்படுகிறது. அதன் ஸ்தானத்தில் மணலும் மழைநீரும் புகுகின்றன. சக்கரத்தின் உட்பக்கத்தில், ரிம்மிலும் பிரேக் காலிப்பரிலும், விசிறியை விரித்தாற்போலக் கறுப்பாக அப்பிக்கிடக்கும் கிரீஸைக் கண்டால் மேற்கொண்டு சாட்சி தேவையில்லை. அதில் சிறிது விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்க்கவேண்டும். வழுவழுப்பாக இருந்தால் பூட் கிழிந்து அதிக நாளாகவில்லை. ஜாயிண்டைக் கழுவி, புதுக் கிரீஸ் அடைத்து, புதுப் பூட் மாட்டிப் பிழைக்க வைத்துவிடலாம். நறநறவென்று மணல் அகப்பட்டால் காலம் கடந்துவிட்டது. பள்ளங்களில் குழி விழுந்திருக்கும், உருண்டை ஒவ்வொன்றும் அக்குழியைத் தாண்டும்போதுதான் அந்த டக்டக் ஓசை பிறக்கிறது. அந்நிலையில் புதுக் கிரீஸ் அடைப்பதால் சப்தம் சில நாள் மட்டுப்படுமேயன்றி குழி நிரம்பாது. விற்பதற்கு வைத்திருக்கும் வண்டிகளில் இந்த உபாயம் கையாளப்படுவதுண்டு என்பதைப் பழைய கார் வாங்குவோர் நினைவில் வைக்கவேண்டும்.

பரீட்சை சுலபமானது. ஆள் நடமாட்டமற்ற ஒரு மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்தி வட்டமிடவேண்டும்; பிறகு மறுபக்கம் ஒடித்து வட்டமிடவேண்டும்; பிறகு இரண்டையும் ரிவர்ஸில் செய்யவேண்டும். முன்னோக்கிய ஓட்டத்தில் மங்கலாகக் கேட்ட ஒலி ரிவர்ஸில் தெளிவாகக் கேட்பது உண்டு. வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒருவர் எந்தச் சக்கரம் பேசுகிறது என்பதை உள்ளே இருப்பவரைவிடச் செவ்வையாகச் சொல்வார். கியர்பாக்ஸை ஒட்டியுள்ள உள் ஜாயிண்ட் தேய்ந்தால் தோன்றும் லட்சணம் வேறு: அது நேர்ச்சாலையிலேயே, வேகம் எடுக்கும் சமயத்தில் அதிர்வாகவோ, ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காலை எடுக்கும்போது ஒரு தட்டாகவோ வெளிப்படும்.

இரண்டாவது பெருங்காரணம் சக்கர பேரிங். இதன் ஓசையை எண்ண முடியாது. தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல் தொடர்ந்த ஓர் உறுமல், வேகத்தோடு ஏறும், வேகத்தோடு இறங்கும், கிளட்ச்சை மிதித்தாலும் மாறாது. இடப்புறம் வளையும்போது பாரம் வலச்சக்கரத்தில் ஏறுவதால், இடது திருப்பத்தில் உறுமல் ஓங்கி வலது திருப்பத்தில் தணியுமானால் வலப்புற பேரிங்கைச் சந்தேகிப்பது வழக்கம். இந்த விதி பெரும்பாலும் பொய்ப்பதில்லை. எனினும் இதை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்கலாகாது. ஏனெனில் மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரும் ஏறக்குறைய இதே சுருதியில் பாடும். முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் பார்த்தால், சப்தமும் கூடவே இடம் மாறுமானால் குற்றவாளி டயர்தான். செலவில்லாத இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் பேரிங்கை மாற்றுவது அவசர புத்தி.

மேலும் உறுதி வேண்டுமானால், எதிர்ப்புறச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டவேண்டும். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டவேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் டை ராட் எண்டையோ ஸ்டீயரிங் ராக்கையோ நோக்கவேண்டும். பிறகு ஒரு கையை ஸ்பிரிங்கின்மீது வைத்து மறுகையால் சக்கரத்தைச் சுழற்றினால், காதுக்கு எட்டாத கரகரப்பும் உள்ளங்கைக்கு எட்டும்.

வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங் திருப்பினால் எழும் ஓசைகள் வேறு வர்க்கத்தைச் சேர்ந்தவை. மாருதியைப் போன்ற மெக்பர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில், சக்கரத்தோடு ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்புவதால், ஸ்ட்ரட்டின் உச்சியிலுள்ள மவுண்ட் இறுகிப்போனால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, ஓர் அளவுக்குமேல் பொறுக்கமாட்டாமல் டொய்ங்கென்று விட்டுக்கொடுக்கும். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, மற்றொருவர் ஸ்பிரிங்கை மெல்லத் தொட்டுப் பார்த்தால் அந்தத் துள்ளல் விரலில் தெறிக்கும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கிடையே மாத்திரம் விரலை நுழைக்கலாகாது. இதற்கு மாறாக, பழங்கதவு திறப்பதுபோன்ற கிறீச்சொலி, கிரீஸ் வற்றிய பால் ஜாயிண்டின் புலம்பல்.

அம்பாசடரின் விஷயம் தனி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கில வண்டியின் வழித்தோன்றலாகி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியான இவ்வண்டியில் முன்சக்கரங்களுக்கு இழுக்கும் வேலை இல்லை. ஆகையால் மேலே கண்ட டக்டக் ஜாயிண்டும் இல்லை. முன்புறத்தில் முனகல் கேட்டால், கிரீஸ் கன் வைத்து எத்தனை மாதமாயிற்று என்பதே முதல் கேள்வி. பின்புறத்தில் கேட்டால் மூவரில் ஒருவர்மேல் சந்தேகம் விழும். வண்டி ஒருபக்கம் சாயும்போது மட்டும் கிறீச்சிட்டால் லீஃப் பட்டையும் அதன் புஷ்களும். கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டவுடன் டங்கென்றால், சுழற்சியைப் பின்புறத்துக்குக் கொண்டுசெல்லும் நீளத்தண்டின் சிலுவை ஜாயிண்ட். திருப்பத்தில் மட்டும் ஒரு கடகடப்பு தோன்றி நிமிர்ந்தவுடன் மறைந்தால் டிஃபரன்ஷியலின் உட்பற்கள். நேரோட்டத்தில் இந்தச் சிறு பற்சக்கரங்கள் தம் அச்சில் சுழலாமல் கூட்டோடு கூட்டாக உருளுகின்றன. இருபுறச் சக்கரங்களின் வேகம் வேறுபடும்போதுதான் ஒன்றன்மேலொன்று உருளத் தொடங்குகின்றன. அதனால்தான் இவற்றின் தேய்மானம் திருப்பத்தில் அன்றி வெளிப்படுவதில்லை. ஆயில் குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, வடித்த ஆயிலில் எஃகுத் துணுக்குகள் மின்னுகின்றனவா என்று பிறகு பார்க்கவேண்டும்.

பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில், முழுக்க ஒடித்த நிலையில் எழும் முனகல் ஆயில் குறைவினாலோ, ஆயிலில் காற்று நுரைப்பதினாலோ ஏற்படுவது; கீச்சென்ற அலறல் பெல்ட் தளர்ந்ததன் விளைவு. ஒடித்தபடியே பிடித்துக்கொண்டிருந்தால் நல்ல பம்ப்பும் சீறும், அது நோயல்ல. பவர் ஸ்டீயரிங்கே இல்லாத பழைய மாருதி 800க்காரரிடம் பவர் ஸ்டீயரிங் ஆயில் மாற்றவேண்டுமென்று யாராவது யோசனை சொன்னால், அந்த ஒர்க்‌ஷாப்பை மாற்றுவதே உசிதம்.

அற்பக் காரணங்களும் உண்டு. அவற்றையே முதலில் விலக்கவேண்டும். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் தகட்டுக்கும் நடுவே ஒரு சரளைக்கல் சிக்கினால் ஒர்க்‌ஷாப்பே அதிரும்படி கத்தும். அளவு பெரிய டயர் மாட்டினால் முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டின் உட்புறத்தில் உரசி, அங்கே பளபளப்பான ஒரு கீற்றை விட்டுச்செல்லும். இக்கட்டுரையாளர் அறிந்த ஒரு வண்டியில், ஒவ்வொரு இடது திருப்பத்திலும் ஒரே ஒரு டங் என்ற ஓசை கேட்டு, முன் பேரிங்குகளும் ஒரு டை ராட் எண்டும் மாற்றப்பட்ட பிறகு, டிக்கியில் ஸ்டெப்னிக்கடியில் கட்டுவார் அறுந்து கிடந்த ஜாக்கியே காரணம் என்று தெரியவந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரேமுறை தட்டி ஓய்கிற ஓசை சுழலும் பாகத்துடையதாக இருக்க வழியில்லை என்பதை அன்று ஒருவரும் யோசிக்கவில்லை.

சப்தங்களுக்குள் அவசரத்தில் தாரதம்மியம் உண்டு. டக்டக்கென்னும் வெளி ஜாயிண்ட், வாரக்கணக்கில் எச்சரிக்கை கொடுத்த பிறகே உடையும். உடைந்தால் வண்டி நின்றுபோகும். உறுமும் பேரிங்கை நாள் கடத்தினால் சூடேறிச் சக்கரம் தள்ளாடும். பால் ஜாயிண்டோ டை ராட் எண்டோ கழன்றால், முன்சக்கரம் சாரதியின் ஆக்ஞையை விட்டு விலகிவிடும். ஆகவே ஆட்டிப் பார்த்ததில் இவ்விரண்டில் ஒன்று தளர்ந்திருப்பது தெரிந்தால், வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிச் செல்லவேண்டாம். மெக்கானிக்கை வண்டி நிற்குமிடத்துக்கு வரவழையுங்கள்.