மேரி மூல்ட்ரி

மேரி மூல்ட்ரி (இறப்பு: ஏப்ரல் 2015) ஐக்கிய அமெரிக்காவின் தென் கரொலைனா மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவமனை ஊழியரும் தொழிற்சங்கத் தலைவரும் ஆவார். 1969 ஆம் ஆண்டு சார்ல்ஸ்டன் நகரின் இரண்டு மருத்துவமனைகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியமைக்காக இவர் அறியப்படுகிறார். வேலைநிறுத்தம் செய்தோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

தொடக்ககாலம்

சார்ல்ஸ்டனில் பள்ளிப் படிப்பை முடித்த மூல்ட்ரி, நியூயார்க் சென்று கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கே உரிமம் பெற்ற துணைச் செவிலியாகத் தகுதி பெற்றார். 1967 இல் ஊர் திரும்பி, மாநில அரசுக்குச் சொந்தமான மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்தார். நியூயார்க்கில் பெற்ற தகுதியை அம்மருத்துவமனை ஏற்கவில்லை. ஆகவே அவர் செவிலியர் உதவியாளர் என்னும் கீழ்நிலைப் பதவியிலேயே அமர்த்தப்பட்டார்.

நோயாளிகளைக் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், படுக்கை மாற்றுதல் ஆகியன உதவியாளர்களின் பணிகள். சமையலறை, துப்புரவுப் பணியாளர்களும் இதே நிலையில்தான் இருந்தனர். 1969 தொடக்கத்தில் இவர்களுள் பலருக்கு மணிக்கு 1.30 டாலரே கூலி. நாட்டின் பொதுவான குறைந்தபட்சக் கூலி அப்போது 1.60 டாலர். இது சட்டமீறல் அன்று என்பது கவனிக்கத்தக்கது. மருத்துவமனைகள் 1966 ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் வந்தன. புதிதாகச் சேர்க்கப்பட்ட துறைகளுக்குக் கூலி படிப்படியாக உயரும் என அத்திருத்தம் வகுத்திருந்தது, 1.30 என்பது அப்படிகளுள் ஒன்று.

சங்கம் அமைத்தல்

நோயாளியின் நிலை பற்றிய குறிப்புகளைத் தராமல் பணி செய்யச் சொன்னதை எதிர்த்த சில ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டதே தொடக்கம். அவர்கள் பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். எனினும் ஊழியர்கள் வாரந்தோறும் கூடிப் பேசத் தொடங்கினர். உள்ளூர்ச் செயற்பாட்டாளர் வில்லியம் சாண்டர்சும், புகையிலைத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஐசாயா பென்னட்டும் துணை நின்றனர்.

1968 இல் இக்குழு நியூயார்க்கின் 1199 என்னும் சங்கத்தை நாடியது. எண்ணையே பெயராகக் கொண்ட இச்சங்கம் மருந்துக்கடை ஊழியர்களுக்காக 1930களில் லியோன் டேவிசால் தொடங்கப்பட்டது. 1950களின் இறுதியிலிருந்து இது மருத்துவமனை ஊழியர்களையும் திரட்டி வந்தது. இதன் சார்ல்ஸ்டன் கிளை 1199பி எனப்பட்டது. அதன் தலைவராக மூல்ட்ரி தெரிவானார்.

வேலைநிறுத்தம்

1969 மார்ச்சில், மருத்துவக் கல்லூரித் தலைவர் வில்லியம் மெக்கார்டைச் சந்திக்கச் சென்ற ஊழியர்களுள் மூல்ட்ரி உள்ளிட்ட 12 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். மார்ச் 20 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. நானூறுக்கும் மேற்பட்டோர் இதில் இறங்கினர். சில நாட்களில் சார்ல்ஸ்டன் கவுண்டி மருத்துவமனை ஊழியர்களும் சேர்ந்தனர். 12 பேரையும் மீண்டும் சேர்த்தல், கூலி உயர்வு, சங்கத்துக்கு ஏற்பு ஆகியன முதன்மைக் கோரிக்கைகள்.

மறியலுக்கு நீதிமன்றம் கடும் வரம்பு விதித்தது. தடையை மீறிய நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். மூல்ட்ரியும் சிறை சென்றார். அரசு அமைப்பு சங்கத்துடன் கூட்டுப் பேரம் நடத்த இயலாது என்பது ஆளுநர் ராபர்ட் மெக்நாயரின் நிலைப்பாடு. அவர் தேசியக் காவற்படையை வரவழைத்தார், ஊரடங்கும் விதிக்கப்பட்டது.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டே ஆகியிருந்தது. அவருடைய இயக்கத்தின் புதிய தலைவர் ரால்ஃப் அபர்நாதியும், கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங்கும் சார்ல்ஸ்டன் வந்தனர். மே 11, அன்னையர் நாளன்று ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்ட பேரணியில் வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதரும் நடந்தார்.

உடன்பாடு

முடிவைத் தீர்மானித்ததில் பணத்தின் பங்கும் உண்டு. மருத்துவமனையின் பணியமர்த்தலில் இனப்பாகுபாடு இருப்பதைக் கண்டறிந்த நடுவண் அரசின் நலத்துறை, கல்லூரிக்குத் தரும் நிதியை நிறுத்தக்கூடும் என எச்சரித்தது. துறைமுகத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தப்போவதாக அறிவித்தனர். ஜூன் 27 அன்று மருத்துவக் கல்லூரியில் உடன்பாடு ஏற்பட்டது. கவுண்டி மருத்துவமனையில் ஜூலையில் ஏற்பட்டது. (வேலைநிறுத்தம் 100 நாள் என்றும் 113 நாள் என்றும் வெவ்வேறாகக் குறிக்கப்படுவது இதனாலேயே.)

12 பேரும் வேலைக்குத் திரும்பினர். கூலி 1.60 டாலராக உயர்ந்தது. குறைகளை முறையிட ஒரு வழிமுறையும் வகுக்கப்பட்டது. சங்கத்துக்கு மட்டும் ஏற்பு கிடைக்கவில்லை. கூலி உயர்வைக் காட்டிலும் இந்த இழப்பே நெடுங்கால விளைவை உண்டாக்கியது எனலாம். ஏற்பு இல்லாததால் சங்கம் ஊழியர் சார்பில் ஒப்பந்தம் பேச முடியவில்லை. சந்தா திரட்டுவதும் கடினமாயிற்று. 1199பி விரைவிலேயே செயலிழந்தது. மாறாக, அதே 1969 இல் பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1199 சங்கம் வாக்கெடுப்பில் வென்றது. அது தனியார் மருத்துவமனை. இன்னொரு சார்ல்ஸ்டன் நிகழ்ந்துவிடுமோ என்னும் அச்சமும் அங்கே சங்கத்துக்கு உதவியது.

பிற்காலம்

மூல்ட்ரி மீண்டும் மருத்துவமனைப் பணிக்குச் சென்றார். பின்னர் நகராட்சியின் பொழுதுபோக்குத் துறையில் பணியாற்றினார். முதுமையில், சங்கம் அமைக்க முயன்ற சார்ல்ஸ்டன் துப்புரவுத் தொழிலாளர்களுக்குத் துணை நின்றார். அவர்களும் பொது ஊழியர்களே ஆதலால், 1969 இல் எழுந்த அதே தடை அவர்கள் முன்னும் இருந்தது.

வேலைநிறுத்தம் பற்றி மேடலின் ஆண்டர்சன் இயக்கிய 'ஐ ஆம் சம்படி' (1970) என்னும் ஆவணப்படம் 2019 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மருத்துவமனை வளாகத்தில் 2013 இல் நினைவுப் பலகை ஒன்று நிறுவப்பட்டது.