சிகரத்தில் இரண்டு பேர்

பிரான்சின் ஷாமனி ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை. பையை விடுதியில் போட்டுவிட்டு ஊரைச் சுற்றக் கிளம்பினோம். நடுச் சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை. இரண்டு ஆண்கள். ஒருவர் கையை நீட்டி மலையைக் காட்டுகிறார், மற்றவர் அண்ணாந்து பார்க்கிறார்.

"இவங்க ரெண்டு பேரும்தான் மொதல்ல ஏறினவங்களா?" என்று நண்பன் கேட்டான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அறைக்குத் திரும்பிப் படித்தபோதுதான் தெரிந்தது, இல்லை. கையை நீட்டுபவர் ஜாக் பல்மா, ஏறியவர். பக்கத்தில் நிற்பவர் சொசூர், ஏறுகிறவருக்குப் பரிசு அறிவித்தவர். பல்மாவோடு மோன் பிளாங் உச்சியில் முதன்முதலில் நின்ற இன்னொரு மனிதர் அந்தச் சிலையில் இல்லவே இல்லை.

நாங்கள் போனது ஏறுவதற்கு அல்ல, சுற்றுவதற்கு. மோன் பிளாங் மலைத்தொகுதியைச் சுற்றி வரும் பாதை சுமார் 170 கிலோமீட்டர். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகள். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீட்டர், அதாவது உச்சியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் உச்சிக்குப் போவதே கிடையாது. பதினோரு நாளில் முடிப்பது வழக்கம். பெரும்பாலோர் கடிகார முள்ளுக்கு எதிராக நடக்கிறார்கள். நம் கணக்கில் இது வலம் அல்ல, இடம்.

இந்தச் சுற்றின் வரலாறும் சொசூரிடமிருந்தே தொடங்குகிறது. ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் து சொசூர் 1760இல் ஷாமனிக்கு வந்தபோது அவருக்கு வயது இருபது. உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார். 26 ஆண்டுகள் அதை யாராலும் வாங்க முடியவில்லை. இடையில், 1767இல், அவர் மலையைச் சுற்றி வந்தார். பாறை எப்படி அடுக்கியிருக்கிறது, பனியாறு எப்படி நகர்கிறது என்று பார்க்க விரும்பியவருக்கு ஒரு பக்கத்துக் காட்சி போதாது. ஷாமனியிலிருந்து பார்த்தால் மோன் பிளாங் உருண்டையான வெள்ளைக் குவிமாடம். தெற்கே, இத்தாலியின் கூர்மாயர் பக்கம், அதே மலை செங்குத்தான பாறைச் சுவர். இரண்டும் ஒன்று என்று சொன்னால் நம்ப மாட்டோம்.

அவர் நடந்த வழிகளை அவர் உருவாக்கவில்லை. மாடு மேய்ப்பவர்களும் கோவேறு கழுதைக்காரர்களும் வணிகர்களும் தலைமுறைகளாகப் போட்டு வைத்த தடங்கள் அவை. நாங்கள் கடந்த கணவாய்களும் அவைதான்: பொனோம், 2,516 மீட்டரில் செய்ஞ், 2,537 மீட்டரில் ஃபெரே, கடைசியாக பால்ம். இன்று செய்ஞ் கணவாயில் ஒரு கால் பிரான்சில், ஒரு கால் இத்தாலியில் வைத்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள். சொசூர் காலத்தில் அங்கே அந்த எல்லையே கிடையாது. இருபுறமும் சார்டீனிய மன்னரின் ஆட்சி. 1860இல் சவாய் பகுதி பிரான்சுக்குக் கைமாறிய பிறகே கோடு வந்தது. பாதை அதைவிடப் பழையது. அதை முதலில் நடந்தது யார் என்று யாரும் சண்டை போட்டதில்லை, போடவும் முடியாது.

உச்சியின் கதை வேறு.

1786 ஆகஸ்ட் 8. ஷாமனியின் மருத்துவர் மிஷெல் கப்ரியேல் பக்காரும், படிகக்கல் தேடி மலையில் அலையும் பல்மாவும் ஏறினார்கள். கயிறு இல்லை, பனிக்கோடரி இல்லை, நீண்ட ஊன்றுகோல்கள் மட்டும். பக்கார் காற்றழுத்தமானியைச் சுமந்து போனார். மாலை ஆறரை மணி வாக்கில் உச்சி. அரை மணி நேரம் இருந்துவிட்டு இருட்டில் இறங்கினார்கள். பனியின் வெளிச்சத்தில் பக்காரின் கண்கள் பாதிக்கப்பட்டிருந்தன. கீழே, கெர்ஸ்டோர்ஃப் என்ற ஜெர்மானியப் பிரபு தொலைநோக்கியில் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரத்தைக் குறித்தார், அவர்கள் போன வழியை வரைந்தும் வைத்தார்.

பரிசை பல்மா வாங்கிக்கொண்டார். அதில் தவறில்லை, பக்கார் பணத்துக்காகப் போகவில்லை. ஆனால் அடுத்த மாதமே மார்க் தியோதோர் பூர்ரீ ஒரு கடிதத்தை வெளியிட்டார். ஜெனீவா தேவாலயத்துப் பாடகர், ஓவியர், எழுத்தாளர். பலமுறை முயன்றும் அந்த மலையில் தோற்றவர். அவர் எழுத்தில் பல்மா நாயகன், மருத்துவர் பின்னால் இழுபட்டு வந்தவர். பக்கார் ஒரு புத்தகம் எழுதப்போவதாக அறிவித்தார், அது வெளிவரவே இல்லை. மன்னர் பல்மாவுக்குத் தன் பெயரோடு 'மோன் பிளாங்' என்று சேர்த்துக்கொள்ள அனுமதி தந்தார். 1787இல் சொசூர் பதினெட்டு வழிகாட்டிகளோடு ஏறியபோதும் கூடப் போனது பல்மாதான். இதற்கெல்லாம் பிறகு பக்கார் மணந்தது பல்மாவின் சகோதரியை. ஒரே ஊர், சிறிய ஊர். எப்படிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1832இல் அலெக்சாந்தர் தூமா ஷாமனிக்கு வந்து பல்மாவைச் சந்தித்தார். பல்மாவுக்கு எழுபது வயது. பக்கார் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பல்மா சொன்னதை தூமா தன் பாணியில் எழுதினார். அதில் மருத்துவர் தவழ்கிறார், தடுமாறுகிறார், பல்மா தனியாக உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து அவரைத் தூக்கி நிறுத்திக் கூட்டிப்போகிறார். மறுக்க ஆளில்லை. ஐரோப்பா முழுக்கப் படித்தது அந்தக் கதையைத்தான். நான் பார்த்த சிலையை 1887இல் நிறுவினார்கள். கெர்ஸ்டோர்ஃபின் குறிப்புகள் பக்கார் தன் காலிலேயே ஏறினார் என்று நிரூபித்தது இருபதாம் நூற்றாண்டில்.

ஏழாவது நாள் தங்கிய இடத்துக்கு வருகிறேன். இத்தாலிப் பக்கம், கிராண்ட் ஜொராஸ் பாறைச் சுவருக்கு எதிரே, வால்டர் பொனாட்டி பெயரில் ஒரு மலை விடுதி. 1954இல் கே2 சிகரத்துக்கு முதன்முதலில் போன இத்தாலியக் குழுவில் பொனாட்டி இருந்தார். உச்சிக்குப் போகிறவர்களுக்காக ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்துகொண்டு அவரும் ஹுன்ஸாவைச் சேர்ந்த அமீர் மெஹ்தியும் மேலே போனார்கள். சொன்ன இடத்தில் கூடாரம் இல்லை. சுமார் 8,100 மீட்டர் உயரத்தில் ஒரு இரவு முழுக்க வெட்டவெளியில் கிடந்தார்கள். மறுநாள் வேறு இருவர் அந்த உருளைகளோடு உச்சியைத் தொட்டார்கள். மெஹ்திக்குக் கால்விரல்கள் போயின. பொனாட்டி மீதே பழி விழுந்தது. அவர் சொன்னது உண்மை என்று இத்தாலிய மலையேற்றச் சங்கம் முழுமையாக ஏற்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் மலை இல்லை.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ராத்திரி பணப் பரிவர்த்தனை சர்வர் படுத்துவிட்டது. பிழையைக் கண்டுபிடித்தது என் டீமில் இருந்த ஒருவன். விடியற்காலை நாலு மணிக்கு, ஒற்றை வரி. சரிசெய்ததும் தூங்கப் போய்விட்டான். அறிக்கை எழுதியது நான், மீட்டிங்கில் பேசியதும் நான். 'நாங்கள்' என்றுதான் சொன்னேன். அடுத்து வந்த மெயில்களில் அது 'நீ' ஆகியிருந்தது. நான் பொய் சொல்லவில்லை. திருத்தவில்லை, அவ்வளவுதான். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவன் வேறு கம்பெனிக்குப் போனான். அதன்பின் இன்டர்வியூக்களில் அந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எப்போதிலிருந்து அதில் பிழையைக் கண்டுபிடித்தவன் நானாக ஆனேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

பல்மா தூமாவிடம் வேண்டுமென்றே பொய் சொன்னாரா என்று அதுவரை எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அன்றிரவு அதை மூடிவிட்டேன். நாற்பத்தாறு வருடம் ஒரு கதையைச் சொன்னால் சொல்கிறவனுக்கே அது நினைவாகிவிடும். எனக்கு நாலு வருடமே போதுமானதாக இருந்தது.

உச்சிக்கு 'முதல்' என்று ஒரு இடம் உண்டு, அது குறுகலான இடம். இருவர் நின்றாலும் ஒருவருக்குத்தான் சிலை. சுற்றில் அந்த இடமே இல்லை. கிளம்பிய புள்ளிக்கே திரும்புகிறோம். வழியில் தண்ணீர் ஊற்றைக் காட்டியவரும், விடுதியில் சூப் ஊற்றியவரும், எதிரே வந்து "மேலே பனி இருக்கு" என்று எச்சரித்தவரும் இல்லாமல் திரும்பியிருக்க முடியாது என்று மட்டும் தெரிகிறது. ஒரு மலையை நான்கு பக்கமும் பார்த்துவிட்டால் ஒரு பக்கத்துக் கதையை நம்புவது கொஞ்சம் கஷ்டமாகிறது.

பதினோராம் நாள் ஷாமனிக்குத் திரும்பினோம். இந்த முறை பக்காரைத் தேடிப் போனேன். பெரிய சிலையிலிருந்து சில நிமிட நடைதான். 1986இல், ஏறி 200 ஆண்டு நிறைவில் வைத்தது. தனியாக உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் படத்தை என் பழைய நண்பனுக்கு அனுப்பினேன். கூடவே, அன்னிக்கு ராத்திரி கண்டுபிடிச்சது நீதான், நான் எங்கேயும் சொல்லல, மன்னிச்சுடு என்று எழுதினேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

"தெரியும்டா. யாரு இந்தத் தாத்தா?"

உட்கார்ந்து முழுக் கதையையும் தட்டினேன். இந்தக் கட்டுரையின் முதல் வடிவம் அதுதான்.