உம்மாவின் முதுகு நோவும் பொஸ்டனில் எழுதப்பட்ட கேள்விகளும்

வருசா வருசம் ஒக்டோபர் கடைசியில் 1990ஐப் பற்றி எழுதுவோம். விட்டு வந்த வீடு, காணி, பள்ளிவாசல் எல்லாம் எழுதியாச்சு. இந்த முறை வேறொரு வரலாறு. பெரிய ஆபத்தொன்றைக் கண்ட மனிதரின் மனதுக்குள் இருப்பதை வைத்தியர்கள் எப்படிக் கேட்டு அறியப் பழகினார்கள் என்ற கதை. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலாம் உலகப் போரில் காயமே இல்லாத சிப்பாய்கள் நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள். 1915இல் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் இதைப் பற்றி எழுதியபோது 'ஷெல் ஷொக்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். குண்டு வெடித்த அதிர்வுதான் காரணம் என்று முதலில் நம்பினார்கள். குண்டு விழாத இடத்தில் நின்றவர்களுக்கும் அதே வருத்தம் வந்தபோது பலரைக் கோழை என்று ஒதுக்கினார்கள்.

வியட்நாம் போருக்குப் போய் வந்த அமெரிக்கர்களும் இப்படியே அவதிப்பட்டார்கள். கடைசியில் 1980இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி என்ற பெயரைச் சேர்த்தது. தமிழில் மனவடு நோய் என்று சொல்லலாம்.

பெயர் வந்த பிறகு அடுத்த சிக்கல். யாருக்கு இந்த நோய் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இரத்தத்தில் தெரியாது, எக்ஸ்ரேயில் விழாது. ஆளிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஒரு டொக்டர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் கேட்டால் முடிவும் மாறும். சிகிச்சையும் நட்டஈடும் அந்த முடிவில்தான் தங்கியிருந்தன.

1989இல் முன்னாள் படைவீரர்களுக்காக இந்த நோய்க்கென்றே ஒரு தேசிய நிலையத்தை அமெரிக்க அரசு தொடங்கியது. அதன் பொஸ்டன் பிரிவில் டட்லி பிளேக், பிராங்க் வெதர்ஸ், டெரன்ஸ் கீன் முதலானோர் 1990இல் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். அதன் சுருக்கப் பெயர் கெப்ஸ் (சி.ஏ.பி.எஸ்). நம்மவர்கள் வடக்கிலிருந்து வெளியேறிய அதே வருசம்.

இதில் "கெட்ட கனவு வருதா?" என்று கேட்டு, "ஆம்" என்றதும் அடுத்த கேள்விக்குப் போவதில்லை. கடந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை, என்ன கனவு, திடுக்கிட்டு எழும்பினால் திரும்ப உறங்க எவ்வளவு நேரம் போகுது என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டு, பயிற்சி பெற்றவரே புள்ளி போடுவார். 2013இல் திருத்திய பதிப்பில் 20 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். இன்னொரு நல்ல விசயம், நடந்த சம்பவத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எல்லாத்தையும் திரும்பக் கிளறுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை.

இப்போது புத்தளத்துக்கு வருவோம். 2011இல் டொக்டர் செஸ்மல் சிறிவர்தனவும் சக ஆய்வாளர்களும் இங்கு இடம்பெயர்ந்து வாழ்ந்த நம்மவர்கள் 450 பேரிடம் ஆய்வு செய்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது கெப்ஸ் இல்லை, வேறு கேள்வித்தாள்கள். மனவடு நோய் நூற்றுக்கு 2.4 பேருக்கு. உடலில் நோவும் உபாதையுமாக வெளிப்படும் மனநோய் நூற்றுக்கு 14 பேருக்கு!

இதை வாசித்ததும் எனக்கு என் உம்மா ஞாபகம் வந்தது. எத்தனையோ வருசம் முதுகு நோவு, தலையிடி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "ஒன்டுமில்ல" என்று பெனடோல் கொடுத்து அனுப்புவார்கள். ஒருநாள் ஒரு இளம் டொக்டர் மட்டும், "எப்ப இருந்தும்மா?" என்று கேட்டார். "வெளிக்கிட்ட நாள்ல இருந்து மகன்" என்றார் உம்மா. கூடவே இருந்த எனக்கு அது அன்றுதான் தெரியும். நாங்கள் யாருமே கேட்டதில்லை.

உம்மாவுக்கு என்ன நோய் என்று நான் முடிவு சொல்ல முடியாது. இருபது வருசத்தில் பலருடைய மனக்காயம் ஆறியும் இருக்கலாம். ஆனால் கனவைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் உம்மா "இல்ல" என்றே சொல்லியிருப்பார். பொஸ்டன்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் பேச்சைக் கேட்டுக் கேள்வி எழுதினார்கள். நம்ம மூத்தவர்களின் பேச்சு "உடம்பெல்லாம் நோவு" என்று தொடங்குகிறது. அதையும் கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எப்ப இருந்து என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். தேவையென்றால் அரச ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள், 1926க்கு எடுத்தும் பேசலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.