இரண்டு மணி நேரம் இருந்தது



நம் வளாகத்தில் இன்று உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள் யாரும் 2004-இல் பிறந்திருக்கவில்லை. சுனாமி அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

26.12.2004, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே பூகம்பம் வந்தபோது நம் நேரப்படி காலை 6.29. அதிர்வைச் சென்னையிலும் பலர் உணர்ந்தோம். நானும் கட்டில் ஆடியதை வீட்டில் சொல்லிவிட்டு, காபி குடிக்க உட்கார்ந்துவிட்டேன். அலை நம் கரைக்கு வந்தபோது எட்டரை மணி தாண்டிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தும், அது எதற்கான அவகாசம் என்று நமக்குத் தெரியவில்லை.

தெரிந்த இடத்தில் உயிர்கள் பிழைத்தன. புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவ கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் கொண்ட ஊர் தப்பியது.

ஜப்பானின் கமாயிஷி நகரில் இந்த வேலையைப் பள்ளிகளே செய்தன. மாணவர்கள் தாங்களே நடந்து பார்த்து, எந்த வழியாக மேட்டுக்குப் போவது என்று வரைபடம் வரைந்தார்கள். திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். 2011 மார்ச் 11 அன்று பெரிய மாணவர்கள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். நகரின் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகளில் 99.8 சதவீதம் பேர் பிழைத்தார்கள்.

நம் நாட்டிலும் பாடம் இல்லாமல் இல்லை. சுனாமிக்கு முந்தைய ஆண்டான 2003-லேயே சி.பி.எஸ்.இ. எட்டாம் வகுப்பில் பேரிடர் மேலாண்மையைச் சேர்த்தது. பிறகு 9, 10-ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையமும் இயங்குகிறது. செய்தி வந்துவிடும். வந்தபின் யார், எந்த வழியாக, எங்கே போவது? அதைப் பரீட்சைக்குப் படித்தால் மட்டும் போதாது, நடந்து பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். டிசம்பர் 26-க்கு முந்தைய ஞாயிறு, நம் பிள்ளைகள் வளாக வாசலிலிருந்து ஈ.சி.ஆர். தாண்டி மேற்கே நடந்து வழியைக் குறிக்கட்டும். தனியாக இருக்கும் பெரியவர்கள், படி இறங்க முடியாதவர்கள் யார் யார் என்று பிளாக் வாரியாகப் பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கும்; முழங்கால் வலி.