கள்ளுக்கடை மூடலும் கிள்ளான் வேலைநிறுத்தமும்: 1941-ஆம் ஆண்டுக் கோரிக்கையின் வரலாற்றுப் பொருள்

முன்னுரை

மலேசியத் தமிழரின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் மதுப் பழக்கத்தைப் பற்றிப் பேசாமல் கடந்து செல்ல இயலாது. அப்பழக்கம் தோட்டத் தொழிலாளரின் அறியாமையினாலும் ஒழுக்கக் குறைவினாலும் விளைந்தது என்பதே மேடைகளிலும் பாடநூல்களிலும் நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். இக்கருத்து வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துகிறதா என்பதை, 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தோட்ட அமைப்பில் கள்ளுக்கடை

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் அமைந்துள்ள தெலுக் பங்லிமா காராங், அதற்கு எதிரே ஆற்றுக்கு அப்பாலுள்ள கேரித் தீவு ஆகியவை சிலாங்கூர்க் கடலோரத் தோட்டப் பகுதியைச் சேர்ந்தவை. ரப்பரும் தென்னையும் பின்னர்ச் செம்பனையும் பயிரிடப்பட்ட இக்கடலோரத்தில் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் பெருகின. லயங்களோடு கள்ளுக்கடையும் வந்தது.

தென்னம்பாளையிலிருந்து இறக்கப்படும் சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதியங்களால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிறது. அதன் சாராய அளவு ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு வரையாகும். மேலும் ஓரிரு நாள் வைத்தால் அது காடியாகிவிடும். நெடுந்தொலைவு கொண்டு சென்று விற்க இயலாத இப்பொருளை இறக்கிய இடத்தை ஒட்டியே விற்றாக வேண்டும். எனவே தோட்டத்துக்குள்ளேயே கடை அமைவது வாணிப நோக்கிலும் நிருவாக நோக்கிலும் ஏற்றதாயிற்று.

இக்கடைகள் அரசின் உரிமம் பெற்று நடந்தவை. தோட்டக் கடைகளின் இலாபம் 'கள் நிதி' என்னும் பெயரில் சேர்க்கப்பட்டுத் தொழிலாளரின் நலப்பணிகளுக்குச் செலவிடப்பட்டது. இதன் உட்பொருளை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதலாளி தம் பொறுப்பில் செய்திருக்க வேண்டிய பணிகளுக்குத் தொழிலாளர் தாம் குடித்த கள்ளின் வழியே பணம் செலுத்தினர். தோட்டத்தில் குடி குறைந்தால் நலநிதியும் குறையும் என்னும் முரண்பட்ட நிலை இதனால் உருவாயிற்று.

கடுமையான உடலுழைப்பு, குறைந்த கூலி, உறவினரைப் பிரிந்த தனிமை ஆகியவற்றுக்கிடையே வேலை முடிந்தபின் கூடிப் பேசுதற்குரிய இடமாகவும் கள்ளுக்கடை விளங்கியது. தொடர்ந்து குடிப்போரின் உடல் சாராயத்துக்குப் பழகி, மேலும் மிகுதியாக அதை வேண்டுகிறது. திடீரென நிறுத்தினால் கைந்நடுக்கம், உறக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை ஏற்படும். மன உறுதி ஒன்றினால் மட்டுமே விலகிவிடக்கூடிய பழக்கம் இதுவென்று கொள்ளுதல் பொருந்தாது.

பன்னிரண்டு கோரிக்கைகள்

ஆர். எச். நாதன் முன்னின்று வழிநடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் துணையோடு 1941-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நாதன் 'தமிழ் நேசன்' இதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். தொழிலாளர் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பெண்களைத் துன்புறுத்துவதற்கு முற்றுப்புள்ளி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி, சங்கம் அமைக்கும் உரிமை, துரைமார் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவை பிற கோரிக்கைகளுள் சில.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் போராட்டம் தீவிரமடைந்தது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படையினர் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கள்ளுக்கடை மூடல் இந்தியாவிலிருந்து வந்த சீர்திருத்தக் கருத்தேயன்றித் தொழிலாளரின் சொந்தக் கோரிக்கையன்று எனச் சிலர் வாதிடக்கூடும். காந்தியடிகளின் மதுவிலக்குக் கொள்கையும், 1937-இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்த மதுவிலக்கும் இங்குள்ளோரை ஈர்த்தன என்பதில் ஐயமில்லை. எனினும், போருக்குப் பின் 1947-இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையிலான தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்து காவல்துறையினருடன் மோதினர். அப்போராட்டம் தோட்டப்புறத்துக்குள்ளிருந்தே எழுந்தது. எனவே இக்கோரிக்கை தொழிலாளரிடையே வேரூன்றியிருந்தது எனக் கொள்ளலாம்.

பிரிக்கப்பட்ட கோரிக்கை

கள்ளுக்கடையை மூடினால் தொழிலாளர் கள்ளச் சம்சுவை நாடுவர் என்பது அக்காலத்தில் கடைகளுக்கு ஆதரவாகக் கூறப்பட்ட வாதமாகும். பிற்காலத்தில் கள்ளின் செல்வாக்குக் குறைந்து, மலிவான சம்சு தோட்டப்புறங்களில் பெருங்கேடாக வளர்ந்தது உண்மையே. ஆயினும் தொழிலாளர் கேட்டது கடை மூடலை மட்டுமன்று. கூலியும் கல்வியும் மருத்துவமும் மதிப்பும் உயர்வதோடு கடையும் மூடப்பட வேண்டும் என்றே அவர்கள் கேட்டனர். ஏனையவற்றை விட்டுவிட்டுக் குடியை மட்டும் தனியே பிரித்து நோக்கியதனால்தான் போதை உருமாறித் தொடர்ந்தது என நாம் கருதுகிறோம்.

1983-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சார்ந்தோர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டமும் இத்தகைய பிரிப்பையே காட்டுகிறது. ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானோரைக் கட்டாய மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்ப அச்சட்டம் வழிவகுத்தது. சாராயத்துக்கு அடிமையானோர் அதன் வரம்புக்குள் வரவில்லை. 2005-ஆம் ஆண்டு முதல் மெத்தடோன் மாற்று மருத்துவம் நடைமுறைக்கு வந்தபின், போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. இது வரவேற்கத்தக்க மாற்றமாகும். எனினும், நோயாளி திரும்பிச் செல்லும் வாழ்க்கைச் சூழலைப் பற்றிய கேள்வி இன்றும் எஞ்சி நிற்கிறது.

2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவை அருந்திக் கிள்ளான் பள்ளத்தாக்கில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோருள் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர். தொழிலாளரின் நாடும் மொழியும் மாறினும், குறைந்த கூலிக்கும் மலிந்த மதுவுக்கும் இடையிலான உறவு மாறவில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

தமிழ்ப்பள்ளிகளில் மதுவின் தீமையைப் பற்றி மாணவர்கள் கட்டுரை எழுதுவது வழக்கம். அக்கட்டுரைகளில் குடிப்பவரின் குற்றம் மட்டுமே பேசப்படுகிறது. நம் முன்னோர் குடித்தனர் என்பதோடு, குடிக்க வைத்த அமைப்பை அடையாளங்கண்டு அதனை எதிர்த்து உயிரும் கொடுத்தனர் என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். கள்ளுக்கடை மூடலைச் சமக் கூலிக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் அருகில் வைத்து எழுதிய அந்தக் கோரிக்கைப் பட்டியலை ஆசிரியர்கள் வகுப்பறைக்குக் கொண்டு செல்வது இதற்குத் தக்க தொடக்கமாக அமையும்.