மண்ணெண்ணெய்க் காலமும் கறளும்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றிக் கதைத்தால் எல்லாரும் மண்ணெண்ணெயில்தான் தொடங்குவார்கள். 1990இல் தடை வந்து பெற்றோல் இல்லாமற்போக, ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. ஆசுப்பத்திரி அவசரத்துக்கும் அவைதான். ஆனால் எஞ்சின் ஓடி என்ன, அடித்தகடு உக்கிப்போனால்?

குடாநாட்டைச் சுற்றிக் கடலும் கடல்நீரேரியும். பெயின்ற் கீறுப்பட்ட இடத்தில் உப்புக்காற்று கறளைத் தொடக்கிவிடும். 1952இல் வந்த ஒஸ்ரின் ஏ40 சமர்செட்டுக்குத் தனியாகச் சேஸி உண்டு. பொடி கொஞ்சம் உக்கினாலும் தாக்குப்பிடிக்கும். மொறிஸ் மைனருக்குப் பொடியேதான் சட்டகம். அடித்தகடு போனால் கார் போச்சு.

புதுச்சாமானுக்கு வழியில்லாத அந்த நாளில் எங்கட ஆக்களின் மருந்து கழிவு ஒயில். எஞ்சினில் இருந்து இறக்கின கறுப்பு ஒயிலை அடித்தகட்டிலும் மட்காட்டுக்கு உள்ளேயும் பூசுவது. அந்தப் படலம் ஈரத்தைத் தகட்டில் அண்டவிடாது. ஆனால் முதலில் நல்லதண்ணியில் கழுவி, நல்லாய்க் காயவிட வேணும். இல்லையெண்டால் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டின மாதிரித்தான். (ரப்பர் புஷ் ஊதிப்போகும், நிலமும் கெடும், இண்டைக்கு நாங்கள் இதைச் செய்யச் சொல்லமாட்டோம்.)

கலியாணத்துக்கு இப்ப வாடகைக்கு வருகிற பளபளப்பான மொறிஸுக்குக் கீழே ஒருக்கால் குனிந்து பாருங்கோ. அந்தக் கறுப்பு சிலதில் இன்னும் ஒட்டிக்கிடக்கும்.