இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைநேரம்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. எந்திர விசையில் ஓடிய, 100 பேருக்குக் குறையாத ஆலைகளுக்கே அது பொருந்தியது; அங்கும் 7 முதல் 12 வயதுச் சிறாருக்கு மட்டும் 9 மணி நேர வரம்பு. பம்பாய் ஆலைகளின் போட்டிக்கு அஞ்சிய இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலே இதற்குக் காரணம்; கருணைக்கு இதில் பங்கு குறைவு. 1884-இல் நாராயண் மேகாஜி லோகண்டே தொழிலாளரைத் திரட்டிக் கேட்ட வார விடுமுறையும் நண்பகல் அரைமணி ஓய்வும் 1891 சட்டத்தில் இடம்பெற்றன. பெண்களுக்கு 11 மணி நேரம் என்றானது. வளர்ந்த ஆண்களுக்கோ வரம்பே இல்லை. பொழுது சாய்வதுதான் வரம்பு. ஆலைக்குள் மின்விளக்கு வந்ததும் அதுவும் போயிற்று. பம்பாயில் வேலைநாள் 14, 15 மணி வரை நீண்டு, வேலைநிறுத்தங்கள் வெடித்த பிறகே, 1911-இல் நெசவாலை ஆண்களுக்கு 12 மணி என்று விதித்தார்கள். 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோதும் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது முதன்மையான குறைகளுள் ஒன்று. 1922-இல் வாரம் 60 மணி, 1934-இல் 54, 1946-இல் 48 எனக் குறைந்தது.

ஆனால் மணிக்கணக்கு மட்டும் தொழிலாளியைக் காக்காது. ஒன்பது மணி வேலையைத் துண்டாக்கி, நடுவே நாலு மணி நேரம் ஆலை வாசலில் காக்க வைத்தாலும் கணக்கு சரியாகவே இருக்கும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் வலு இங்கேதான் இருந்தது: 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குமுன் அரைமணி ஓய்வு; ஓய்வும் சேர்த்து, வேலை தொடங்கி முடிவதற்குள் பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது; கூடுதல் நேர வேலைக்கு (ஓ.டி.) இரட்டிப்புக் கூலி. தொழிலாளரே ஓ.டி.யை விரும்பிக் கேட்கிறார்களே என்பது முதலாளிகளின் பழைய வாதம். கேட்பது உண்மை; அடிப்படைக் கூலி போதாததால் கேட்கிறார்கள். இரட்டிப்புக் கூலியின் நோக்கம் வேறு: கூடுதல் ஆள் எடுப்பதைவிட இருப்பவரைப் பிழிவது மலிவாகிவிடக் கூடாது. படிகளை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் இரட்டிப்பதும் இந்த நோக்கத்தைக் கெடுப்பதே. 1948 சட்டம் படிகளையும் சேர்த்தே கணக்கிடச் சொன்னது. கொரோனாவைக் காட்டி இரட்டிப்பைக் கைவிட்ட குஜராத் அரசின் அறிவிக்கைகளை 2020-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அதே சட்டத்தைத் திருத்தி 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தமிழ்நாட்டு மசோதா 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது.